வேரும் கையும்: ஒரு துணியின் நாட்குறிப்பு

3 பிப்ரவரி 2025, திங்கள்

சென்னிமலையிலிருந்து துணி வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பட்டியும் 14 அடி நீளம், 4 அடி அகலம். ஆறு பட்டிகளைப் பக்கம்பக்கமாகச் சேர்த்துத் தைத்தால் 24 அடிச் சுவரை முழுதாக மூடிவிடும். பாவுக்கு மில் நூல், ஊடைக்குக் கைராட்டையில் நூற்ற கருங்கண்ணிப் பருத்தி. ஊடை சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் ஓடுகிறது. நெசவாளர் அதைக் குறை என்று நினைத்துத் தயங்கினார். எனக்கு வேண்டியிருந்ததே அதுதான். தடவிப் பார்த்தால் நூற்றவரின் விரல் தட்டுப்படுகிறது.

கோபிசெட்டிபாளையத்தில், பாரியூர் சாலையில் வாடகைக்கு எடுத்த பழைய நெல் குடோனைப் பெருக்கிக் கழுவி, தார்ப்பாய் போட்டு, அதன்மேல் பட்டிகளை விரித்தோம். அடிமை உழைப்பின் கதையைச் செடிகள் வழியாகச் சொல்ல, பட்டிக்கு ஒரு செடி என்பது திட்டம். பருத்தி, கரும்பு, அவுரி, வனிலா, மஞ்சள். ஆறாவது பட்டிக்கு இன்னும் முடிவு செய்யவில்லை.

பூத்தையலுக்கு சுவின் நூல் வாங்கியிருக்கிறேன். கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-ல் வெளியிட்ட மிக நீள இழைப் பருத்தி அது. அதன் தாய்தந்தைச் செடிகளில் ஒன்று கரீபியத் தீவான செயின்ட் வின்சென்டிலிருந்து வந்த 'கடல்தீவுப் பருத்தி' வகை. அந்த வகையை அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா கரையோரத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்துத்தான் பெருமளவில் பயிரிட்டார்கள். கருங்கண்ணியோ நம் கரிசலில் மானாவாரியாக விளைந்த பழைய நாட்டுப் பருத்தி. ஒன்றின்மேல் இன்னொன்றால் தைக்கப் போகிறோம்.

6 பிப்ரவரி, வியாழன்

இன்று முழுக்க வரைதல். ராபர்ட் வைட் வெளியிட்ட தாவரப் படங்களின் நகல்களைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைட் ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819-ல் சென்னைக்கு வந்து தாவரவியலில் மூழ்கிப்போனவர். அவருக்காகப் படம் வரைந்தவர்கள் இரண்டு இந்தியர்கள்: முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. வைட் இவர்களின் பெயர்களைப் படங்களில் பதிப்பித்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அந்தக் காலத்தில் கம்பெனிக்கு வரைந்த எத்தனையோ இந்திய ஓவியர்களுக்கு அந்தக் குறைந்தபட்ச மரியாதையும் கிடைக்கவில்லை.

படங்களின் துல்லியம் கையெடுத்துக் கும்பிட வைக்கிறது. காம்பின் ரோமம், சூலறையின் குறுக்குவெட்டு, விதையின் வரி எல்லாமே இருக்கின்றன. ஆனால் செடி வெள்ளைத் தாளில் அந்தரத்தில் நிற்கிறது. மண் இல்லை, பாத்தி இல்லை, களையெடுத்தவர் இல்லை. தாவரவியலுக்கு அந்த வெற்றிடம் தேவை. செடியை அடையாளம் காணத்தான் அந்தப் படம். அந்த வெற்றிடத்தில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று கேட்பது என் வேலை. ரங்கையாவும் கோவிந்துவும் விட்ட இடத்திலிருந்து, செடிக்குக் கீழே வேரையும் வேருக்குப் பக்கத்தில் கையையும் வரையத் தொடங்கினேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

தையலுக்கு வரும் பெண்களுக்கு இன்று பருத்திப் பட்டியை விளக்கினேன். சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள், நம்பியூரிலிருந்து ஒருவர், கவுந்தப்பாடியிலிருந்து இருவர், மற்றவர்கள் கோபியிலேயே. எல்லாரிலும் மூத்தவரை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுகிறோம்.

1842 முதல் 1853 வரை வைட் இருந்தது நம் கோயம்புத்தூரில். கம்பெனியின் அமெரிக்கப் பருத்திப் பண்ணைகளுக்கு அவர்தான் கண்காணிப்பாளர். அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்களைக் கம்பெனி 1840-ல் சம்பளத்துக்கு அழைத்து வந்தது. அவர்களோடு விதையும் வந்தது, பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ரம்பப் பற்கள் கொண்ட ஜின் இயந்திரமும் வந்தது. 1793-ல் எலை விட்னி பற்கள் வைத்த ஜின் இயந்திரத்தைச் செய்த பிறகுதான் அமெரிக்கத் தெற்கில் பருத்தி காட்டுத்தீயாகப் பரவியது. 1790-ல் ஏழு லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-ல் நாற்பது லட்சத்தை நெருங்கிவிட்டது.

அடிமைமுறையை எதிர்த்த ஆங்கிலேயர் சிலர், ஜார்ஜ் தாம்சன் போன்றவர்கள், இந்தியப் பருத்தியை வாங்கினால் அமெரிக்க அடிமைமுறை படுத்துவிடும் என்று அப்போது மேடை மேடையாகப் பேசினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பருத்தி வளர்க்கக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் அடிமைகள் உழைத்த மண்ணில் தொழில் படித்தவர்கள். அதைவிட, இங்கேயே அடிமைகள் இருந்தார்கள். பிரிட்டன் 1833-ல் போட்ட ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 1843-ல் வந்த ஐந்தாம் சட்டம்தான், ஒருவரை அடிமை என்று சொல்லும் உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. ஆக, வைட் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த வருடம், மனிதரை உடைமையாகக் கோரி இந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடிந்தது.

ஆத்தா எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த அமெரிக்காவுலயும் பொம்பளைங்கதான் பருத்தி எடுத்தாங்களா, கண்ணு?" ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும் என்றேன். "அப்பொ எடுக்கற கைய நானே தெச்சுக்கறேன். சொளை கிழியாம எடுக்கணும்னா கட்டை வெரல் எப்பிடி மடங்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

12 பிப்ரவரி, புதன்

கறுப்புச் சாயம் தயாராகிவிட்டது. பொங்கல் கழிந்ததும் துருப்பிடித்த ஆணி, லாடத் துண்டு, பழைய ஏர்க்கொழு எல்லாவற்றையும் மண்பானையில் போட்டு, வெல்லம் கரைத்த தண்ணீரை ஊற்றி மூடி வைத்திருந்தேன். கலம்காரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் முறை. வெல்லம் புளிக்கப் புளிக்க இரும்பு கரைந்து இறங்கும். கடுக்காயும் எருமைப் பாலும் ஏற்றிக் காயவைத்த துணியில் அந்தத் தண்ணீரால் கோடு இழுத்தால், கண் முன்னாலேயே கறுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கரும்புப் பட்டி முழுவதையும் இந்தக் கறுப்பில்தான் வரைகிறேன். வெல்லம் கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலையில் காய்ச்சியது. கரும்பின் சாறும் இரும்பும் சேர்ந்து உண்டான நிறத்தைவிட இந்தக் கதைக்குப் பொருத்தமானது எனக்குக் கிடைக்காது. அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலேற்றப்பட்ட ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்களில் பெரும்பகுதியினர் போனது கரும்புத் தோட்டங்களுக்கு. 1834 ஆகஸ்டில் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை முடிந்தது என்று அறிவித்தபோது, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அதே ஆண்டு மொரீசியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அப்படி முதல் கப்பல் சென்னையிலிருந்து போனது. 'ட்ரூரோ', 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதன் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு. என்ன பயிர் செய்யத் தெரியும் என்பதற்கு அதில் இடம் இல்லை.

கரும்புப் பட்டியின் மேல்பாதியில் இன்னொரு பயணம் வருகிறது. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே பார்பர், வெங்கட்ராமன் என்ற ஆய்வாளர்கள் தடித்த கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து 1918-ல் கோ 205 ரகத்தைக் கொடுத்தார்கள். பின்னாளில் இங்கே கலப்புச் செய்த விதை நேட்டாலுக்குப் போனது. அங்கே முளைத்த நாற்றிலிருந்து பிரித்தெடுத்த என்.கோ. 310 பல நாடுகளில் பரவியது. நேட்டால் வயலில் கோயம்புத்தூர் விதையின் கரும்பை வெட்டியவர்களில் 'ட்ரூரோ' வழியில் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே கோடு இழுத்தேன். கை வலி இரவில்தான் தெரிந்தது.

17 பிப்ரவரி, திங்கள்

அவுரி. திண்டிவனத்துப் பக்கமிருந்து வந்த நீலக்கட்டியை அரைத்து, சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டி போட்டோம். துணியை முக்கி எடுக்கும்போது பச்சை கலந்த மஞ்சளாக வருகிறது. காற்றுப் பட்டதும் நீலம் ஏறுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் பிள்ளைகள் மாதிரி எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றுவிடுகிறார்கள்.

இந்தப் பட்டியைப் பற்றிப் பேசுவதுதான் எனக்குக் கடினம். மற்ற நான்கு செடிகளும் அடிமைகளால் விளைந்த கதையைச் சொல்கின்றன. இதுவோ நம் துணியே மனிதருக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட கதை. சோழமண்டலக் கரையில் தமிழ், தெலுங்கு நெசவாளர்கள் நெய்து சாயம் தோய்த்த நீலத் துணிகளையும் கட்டம்போட்ட துணிகளையும் டச்சு, ஆங்கிலேய, பிரெஞ்சு வணிகர்கள் ஐரோப்பாவுக்கு வாங்கிப் போனார்கள். அங்கிருந்து அவை மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், ஆட்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டன. புதுச்சேரி நீலத் துணிக்கு பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நீலம் நன்றாக ஏறியிருக்கிறதா, நெசவு இறுக்கமா என்று அந்தக் கரையில் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார்கள். நம் நெசவாளரின் திறமை அவருக்குத் தெரியாமலே அந்தச் சந்தையில் எடைபோடப்பட்டது.

அவருடைய குற்றம் இல்லை. அவரே முன்பணத்தில் கட்டுண்டவர். ஆனாலும் துணியை வைத்து இந்தக் கதையைச் சொல்பவள் இதை விட்டுவிட முடியாது. அதனால் அவுரிப் பட்டியில் செடி அடியில் மட்டும் சிறிதாக நிற்கும். மேலே முழுவதும் வெறும் நீலம், மடித்த துணிகளின் விளிம்புகளாக, அடுக்கு அடுக்காக. அந்த நீலத்தில் தையல் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

21 பிப்ரவரி, வெள்ளி

மாமா வந்திருந்தார். தோட்டத்தில் மஞ்சள் வெட்டு நடக்கிறது. அதற்கு நடுவிலும் பார்க்க வந்தது மனதுக்கு இதமாக இருந்தது. பருத்தி, கரும்பு, நீலம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், மஞ்சள் பட்டியின் கரிக்கோட்டுப் படத்தின் முன் நின்றுவிட்டார். அதில் எங்கள் வீட்டுப் பழைய கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறேன். அப்புச்சியின், என் தாத்தாவின், கையெழுத்து. ஒரு பெயர், அதற்கு நேராக முன்பணம், வருடத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, 'மகனைப் பண்ணையத்தில் விட்டது' என்று ஒரு வரி. அடுத்த வருடமும் அதே பெயர். அதற்கடுத்த வருடமும்.

"அமெரிக்கா, ஆப்பிரிக்கான்னு சொல்லு கண்ணு, நாங்களும் பெருமையாப் பாக்கறோம். நம்மூட்டு நோட்டு எதுக்கு? அப்பல்லாம் ஊரே அப்பிடித்தான். சோறு போட்டு, கல்யாணம் காச்சி பண்ணி வெச்சவருதான் உங்க அப்புச்சி."

"அது உண்மைதானுங்க மாமா. அவரு கொடுமைக்காரருன்னு நான் எழுதலீங்க. ஆனா அந்தப் பையன் வேற ஊட்டுக்கு வேலைக்குப் போறேன்னு சொல்லியிருந்தா, போக முடிஞ்சிருக்குமுங்களா?"

மாமா பதில் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் வந்த அடிமைமுறையை மட்டும் தைத்து, களத்து மேட்டில் நின்றதை விட்டுவிட்டால் இந்தத் துணி பொய் சொல்லும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அந்தக் கடன்கள் எல்லாம் செல்லாது என்றது. வைட் காலத்துச் சட்டத்துக்கும் இதற்கும் நடுவே 133 வருடங்கள். அத்தனை வருடமும் இங்கே மஞ்சள் விளைந்தது.

25 பிப்ரவரி, செவ்வாய்

நோட்டில் இருக்கும் பெயருக்கு உரியவரின் பேத்தியைப் பார்க்கப் போனேன். பக்கத்து ஊரில் பள்ளி ஆசிரியை. அவர் சம்மதம் இல்லாமல் அந்தப் பெயரில் ஒரு தையலும் விழாது என்று முதலிலேயே சொன்னேன். படத்தைக் கைப்பேசியில் காட்டினேன்: நோட்டுப் பக்கம், அதன் கீழே குனிந்து மஞ்சள் தோண்டும் ஓர் உருவம், முகம் தெரியாது.

நெடுநேரம் பார்த்தார்.

"பேரு போடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா எங்க அப்பாரு இப்பிடிக் குனிஞ்சே நிக்கறதத் தைக்காதீங்க. அவரு குனிஞ்சு நின்னத ஊரே பாத்துருச்சு. அவருக்கு என்ன தெரியும்னுதான் யாரும் பாக்கல."

பிறகு தாத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இலை பழுத்துத் தாள் சாயும் பதம் பார்த்து வெட்டுக்கு நாள் சொல்பவர் அவர்தானாம். கொப்பரையில் வேகும் மஞ்சளைக் குச்சியால் குத்திப் பார்த்து, வாசனையைப் பிடித்து, 'போதும், எறக்கு' என்பாராம். அவர் சொல்லாமல் யாரும் இறக்க மாட்டார்களாம். விதைக்கிழங்கில் எது முளைக்கும், எது அழுகும் என்று கைக்குள் உருட்டியே சொல்லுவாராம். "பண்ணாடி நெலம் வெச்சிருந்தாரு. வெள்ளாமை எங்க அப்பாருகிட்ட இருந்துச்சுங்க."

பேருந்தில் திரும்பும்போது, கப்பல் பட்டியலில் இல்லாமல்போன அந்தக் கட்டம்தான் நினைவில் நின்றது. நோட்டிலும் அந்தக் கட்டம் இல்லை.

1 மார்ச், சனி

மஞ்சள் பட்டியை மறுபடி வரைந்தேன். கொப்பரை, ஆவி, நிமிர்ந்து நிற்கும் ஒருவர், கையில் குச்சி. நோட்டுப் பக்கம் இருக்கிறது. ஆனால் அது இப்போது அடுப்புக்குக் கீழே, அடியோரமாக. வண்ணத்துக்கு மஞ்சளையே பயன்படுத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். மஞ்சள் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். இவர் பெயர் வெளுக்கக் கூடாது. மாதுளைத் தோலும் படிகாரமும் சேர்த்த மஞ்சள் நிற்கும்; நூலை அதில்தான் தோய்த்தோம்.

டீச்சர் சொன்னது மற்றப் பட்டிகளையும் திருத்தச் சொல்கிறது. வனிலாப் பட்டிக்கு வழி அங்கேதான் கிடைத்தது. மெக்சிகோவிலிருந்து கொண்டுபோன வனிலாக் கொடி இந்துமாக்கடலின் பூர்பன் தீவில், இன்றைய ரீயூனியனில், வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதைக் காய்க்க வைக்கும் எளிய வழியை 1841-ல் கண்டவன் எட்மண்ட் என்ற அடிமைச் சிறுவன். வயது 12. பூவுக்குள் மகரந்தத்தையும் சூல்முடியையும் பிரிக்கும் மெல்லிய மடலை ஒரு சின்னக் குச்சியால் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் இரண்டையும் சேர்த்து அழுத்தினான். இன்றும் உலகமெங்கும் தோட்டக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கேரளத்திலும் கர்நாடகத்திலும் வனிலா போட்டவர்கள் காலை நேரத்தில் பூப்பூவாகச் செய்ததும் அதே வேலை. 1848-ல் விடுதலை கிடைத்தபோதுதான் அவனுக்கு அல்பியுஸ் என்ற குடும்பப் பெயர் வந்தது. தீவு வனிலாவால் செழித்தது. அவர் 1880-ல் வறுமையில் இறந்தார்.

எட்மண்டைச் சங்கிலியோடு வரைந்து வைத்திருந்த தாளை எடுத்துவிட்டேன். பட்டி முழுக்க ஒரே ஒரு பூ, 9 அடி உயரம். அதன் நடுவில் ஒரு சிறுவனின் கட்டைவிரல். அடியில் அவர் பெயர், ஆண்டு, அப்போது அவர் யாருடைய உடைமை என்பதைச் சொல்லும் ஒரு வரி. கொடுமையை மறைக்கவில்லை. அவர் அறிவு முன்னால் வருகிறது, அவ்வளவுதான்.

8 மார்ச், சனி

சனிக்கிழமை கூலி நாள். பூத்தையல் வேலையைத் துண்டுக்கணக்கில் கொடுப்பதுதான் வழக்கம். நான் நாள்கூலி கொடுக்கிறேன். தையல் அவிழ்த்துத் திரும்பத் தைத்தாலும் கூலி உண்டு. இந்தத் துணிக்கு இதைத் தவிர வேறு கணக்கு பொருந்தாது.

ஆறாவது பட்டிக்கு இன்று விடை வந்தது. நம்பியூரிலிருந்து வரும் பெண் தன் கதையை அவளாகவே சொன்னாள். பதினைந்து வயதில் ஒரு நூற்பாலைக்குப் போனவள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களில் சுமங்கலித் திட்டம் என்று பரவலாக நடந்தது. கேட்டைத் தாண்டி வெளியே போக முடியாது, வீட்டாரைப் பார்க்க மாதத்துக்கு ஒரு நாள், இடையில் நின்றால் அந்தப் பணம் கிடையாது. இவள் உடம்பு சரியில்லாமல் இடையில் வந்துவிட்டாள்.

"அக்கா, அடிமைன்னு நீங்க சொல்றப்ப எனக்கு எங்க ஆஸ்டல் கேட்டுதான் ஞாபகம் வந்துச்சு. அப்பிடிச் சொல்லலாமா?"

சட்டத்தில் அடிமை என்பது ஒருவர் இன்னொருவரின் சொத்தாக இருப்பது. அவள் அப்படி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால், அடிமைச் சந்தையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரம் சிறிதாகிவிடும். ஆனால் முன்பணமோ பின்பணமோ காட்டி, போக முடியாதபடி வேலை வாங்குவது அந்தப் பழைய மரத்தின் வேரிலிருந்து முளைத்ததுதான். இதை அவளிடம் இப்படியே சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்பொ ஒரே பட்டில வேண்டாம். பக்கத்துல வெய்யுங்க" என்றாள். ஆறாவது பட்டியை அவளே வரைகிறாள். அறுந்த இழையை ஓடும் இயந்திரத்தில் ஒட்டும் கை. அது அவளுக்குத் தெரிந்த வேலை. பருத்திப் பட்டிக்குப் பக்கத்தில் அது நிற்கும்.

16 மார்ச், ஞாயிறு

பட்டிகளை இணைக்கும் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. காட்சிக்குக் கேட்டிருந்த சென்னைக் கலைக்கூடமொன்றிலிருந்து கடிதம் வந்தது. வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். உலக அடிமைமுறை பற்றிய நான்கு பட்டிகளை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா, மஞ்சளும் மில்லும் 'வேறு தலைப்பு' ஆகிவிடுகின்றனவே என்று கேட்கிறார்கள்.

மாலையில் எல்லாரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். மாமாவும் இருந்தார். முதலில் பேசியவர் அவர்தான். "பிரிச்சா நம்ம நோட்டு மட்டும் ஊட்டுல கெடக்கும். சேத்தே அனுப்பு கண்ணு."

பதில் எழுதிவிட்டேன். ஆறும் ஒரே துணி, தையலைப் பிரிக்க மாட்டோம். முதல் காட்சி சென்னையில் இல்லை, இங்கே கோபியில். மஞ்சள் காயப்போடும் களத்தில், டீச்சரின் ஊர்க்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்களும் ஒரே பவானி ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் துணி வெளியூர் போகும். ஓரத்தில் நெய்தவர், நூற்றவர், சாயம் போட்டவர், தைத்தவர் எல்லாருடைய பெயரும், ஒவ்வொருவரும் இதில் செய்த வேலையும் வரும். அந்தப் பட்டியலை அனுப்பி, கூடத்தின் சுவரில் என் பெயருக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவில் அதையும் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டால் அனுப்புவோம். இல்லையென்றால் இந்தத் துணிக்குச் சுவர் கொடுக்க நம் ஊரில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.